பெயர் என்ன, எந்தக் கை?

உத்தனப்பள்ளியில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் ராயக்கோட்டை சாலையில் ஓசூருக்குப் போவார்கள். பெரிய சிகிச்சை என்றால் கிருஷ்ணகிரி, இல்லாவிட்டால் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு. நோயாளி வீட்டில் தெலுங்கு பேசுவார், சிஸ்டர் தமிழில் கேட்பார், டாக்டருக்குக் கன்னடம் சுலபம். கம்பெனி வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்கு ஒடியாவும் இந்தியும் மட்டும்தான். ஒரே வார்டில் இரண்டு முனியப்பா படுத்திருப்பதும் இந்தப் பக்கத்தில் அதிசயமில்லை. ஆள் மாறவும், வலது இடதாகவும் இது போதும். இதுபோன்ற தவறுகளைத் தடுக்க உலக சுகாதார நிறுவனம் 2008இல் ஒரு பக்கச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது.

மூன்று இடத்தில் நின்று கேட்பது

பட்டியலில் இருப்பவை 19 அம்சங்கள். மயக்க மருந்து கொடுக்கும் முன் சிலவற்றைக் கேட்க வேண்டும்: நோயாளி யார், எந்த ஆபரேஷன், எந்தப் பக்கம், அந்த இடத்தில் பேனாவால் குறி போட்டாயிற்றா, ஒவ்வாத மருந்து உண்டா, விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டியாயிற்றா.

தோலைக் கீறும் முன் எல்லோரும் கையிலிருப்பதை நிறுத்திவிட்டுத் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும். பிறகு நோயாளி, ஆபரேஷன், இடம் மூன்றையும் மறுபடி உறுதிசெய்வார்கள். தேவையான ஆன்டிபயாடிக் கடைசி 60 நிமிடத்துக்குள் போடப்பட்டதா என்பதும் இங்கேதான் வரும். காலையில் வார்டிலேயே ஊசி போட்டு, தியேட்டருக்குள் போக மதியமானால், கத்தி படும் நேரத்தில் மருந்தின் அளவு உடம்பில் குறைந்திருக்கும்.

நோயாளியை வெளியே கொண்டுவரும் முன் கருவி, பஞ்சு, ஊசி எண்ணிக்கை சரிபார்க்கப்படும். பரிசோதனைக்கு எடுத்த சதைத்துண்டின் டப்பாவில் நோயாளியின் பெயர் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். பெயர் மாறினால் ஒருவரின் புற்றுநோய் முடிவு இன்னொருவர் கைக்குப் போய்விடும்.

டெல்லியும் ஒன்டாரியோவும்

இந்தப் பட்டியலை எட்டு ஊர்களின் மருத்துவமனைகளில் சோதித்தார்கள். அவற்றில் ஒன்று புதுடெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ். டாக்டர் அதுல் கவாண்டே குழுவினர் 2009 ஜனவரியில் வெளியிட்ட முடிவின்படி இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்தன.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான முடிவு வேறு. அங்கே இறப்பிலும் சிக்கல்களிலும் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை. ஒரே பட்டியலுக்கு ஏன் இப்படி? தாளை நிரப்புவது வேறு, வாய்விட்டுக் கேட்பது வேறு என்று பலர் விளக்கினார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஆபரேஷன் முடிந்தபின் ஒரே மூச்சில் 19 டிக் போட்ட தாளால் யாரையும் காப்பாற்ற முடியாது. எண்ணிக்கையில் ஒரு பஞ்சு குறைகிறது என்று இளம் சிஸ்டர் சொன்னால் தையலை நிறுத்தித் தேடுகிற சர்ஜன் வேண்டும். அந்த சிஸ்டருக்குச் சொல்லும் தைரியத்தைக் கொடுப்பது மருத்துவமனையின் பொறுப்பு.

நம் பக்கம் செய்ய வேண்டியது

முதல் கட்டக் கேள்விகளுக்குப் பதில் நோயாளியிடம்தான் இருக்கிறது. பெயரோடு தகப்பன் பெயரையும் ஊரையும் சேர்த்துச் சொல்லுங்கள். மறுபடி மறுபடி கேட்கிறார்களே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். கேட்கிற மருத்துவமனைதான் நல்ல மருத்துவமனை. பிரஸ் மெஷினில் விரல் நசுங்கி வந்தவரின் கையில் கட்டுப் போட்டிருந்தால் எந்த விரல் என்று வெளியே தெரியாது. விழித்திருக்கும்போதே குறி போடச் சொல்லுங்கள்.

சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையை அப்படியே எடுத்துப்போய்க் காட்டுங்கள். முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுவதை மறைக்காதீர்கள். விடியற்காலை ஒரு டம்ளர் டீ குடித்திருந்தால், ஆபரேஷன் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, மயக்க டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

மொழி புரியாத நோயாளி என்றால் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர், மயக்க மருந்துக்கு முந்தைய கேள்விகள் முடியும்வரை உடன் இருக்க அனுமதி கேளுங்கள். ஒடிசா பையன்களுக்கு அந்த ஆளை அனுப்பிவைப்பது கம்பெனியின் கடமை.