லிண்டல் மட்டத்தில் ஒரு பெல்ட்

2001 செப்டம்பர் 25, இரவு எட்டரை மணி வாக்கில், புதுச்சேரிக்கு அருகே கடலுக்கடியில் 5.5 அளவில் நிலம் அதிர்ந்தது. சென்னை வரை மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். ஆனால் கடலூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், மங்களூர் ஒன்றியத்தில் புது வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுகிறவர்களில் எத்தனை பேர் இந்த அபாயத்தைக் கணக்கில் சேர்க்கிறார்கள்?

இந்திய நிலத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வீதம் வடக்கே நகர்ந்து யூரேசியத் தட்டை முட்டுகிறது. முட்டுமிடம் இமயமலை என்றாலும் அழுத்தம் தென்னிந்தியப் பாறைகளையும் எட்டுகிறது. அங்குள்ள பழைய பிளவுகளில் அழுத்தம் சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் பாறை சட்டென வழுக்குகிறது. அதில் கிளம்பும் முதன்மை அலை நொடிக்குச் சுமார் 6 கி.மீ. வேகத்தில் முந்தி வரும். பின்னால் வரும் இரண்டாம் அலைதான் நிலத்தைப் பக்கவாட்டில் உலுக்குகிறது. கடைசியாக வரும் மேற்பரப்பு அலைகள் வண்டல் மண்ணில் இன்னும் பெரிதாகும். அதனால் ஆற்றோர, கடலோர ஊர்களில் ஆட்டம் கூடுதல்.

பக்கவாட்டு உலுக்கல்தான் வீட்டுக்கு எமன். விருத்தாசலத்துப் பீங்கானைப் போலத்தான் செங்கல் சுவரும்: மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும், வளைத்தால் உடையும்.

நம் பக்கம் நடுக்கம் வராது என்று நம்பியிருக்க முடியாது. மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதியும் அன்றைய நிலநடுக்க வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில்தான் இருந்தது. 1993 செப்டம்பர் 30 அதிகாலை, கில்லாரி சுற்றுவட்டாரத்தில் 6.2 அளவு நடுக்கம். மண் சாந்தில் அடுக்கிய தடித்த கற்சுவர்களும் கனத்த மண்கூரைகளும் உறங்கியவர்கள் மேல் சரிந்தன. சுமார் 8,000 பேர் இறந்தார்கள். 2002இல் வந்த புதிய வரைபடத்தில் முதல் மண்டலம் என்பதே எடுக்கப்பட்டது.

பரிகாரம் எளியது. ஜன்னல், வாசலுக்கு மேலே லிண்டலைத் துண்டு துண்டாகப் போடாமல், எல்லாச் சுவர்களையும் சுற்றி இடைவெளியில்லாத கம்பி கான்கிரீட் பெல்ட்டாகப் போடச் சொல்லுங்கள். தூண் கம்பிகளைச் சுற்றும் ரிங்கின் முனைகள் உள்நோக்கி 135 டிகிரி மடங்கியிருக்கின்றனவா என்று கான்கிரீட் கொட்டும் முன்பே பாருங்கள். மேஸ்திரி சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கட்டும்போது இதற்காகும் செலவு சிறியது. கட்டி முடித்தபின் சேர்ப்பது பெரும்பாடு. ஒப்பந்தத்தையும் ரசீதுகளையும் படங்களையும் பத்திரப்படுத்துங்கள். வீடு கட்டித் தருவதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவையே. பணியில் குறை இருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம்.

நடுக்கம் வந்தேவிட்டால், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005, தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவுகளை வகுக்கச் சொல்கிறது. 61ஆம் பிரிவு நிவாரணத்தில் சாதி, மதப் பாகுபாட்டைத் தடுக்கிறது. இது நம் ஊர்களில் ஏட்டோடு நின்றுவிடக் கூடாத பிரிவு. சேதத்தைக் கிராம நிர்வாக அலுவலர் பார்த்துப் பதிவு செய்யும் முன் இடிபாட்டை அகற்ற வேண்டாம்.

2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுக் காப்பீட்டில் நிலநடுக்கச் சேதமும் அடங்கும். இழப்பீட்டை நிறுவனம் மறுத்தால் முதலில் அங்கேயே எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணமில்லை, வக்கீலும் வேண்டியதில்லை.