நெல் மண்டியின் பழைய கம்ப்யூட்டருக்கு வேறு புராசஸர் போடலாமா?

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ உங்கள் குடும்பத்துக்கு ஒரு நெல் மண்டியோ அச்சகமோ இருந்தால், 1990களில் வாங்கிய பென்டியம் கம்ப்யூட்டர் ஒன்று துணி போர்த்தி மூலையில் இருக்கக்கூடும். அதற்குக் கொஞ்சம் வேகமான புராசஸர் (கணக்குகளைச் செய்யும் முதன்மைச் சில்லு) போடலாமா? போடலாம். எதைப் போடுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள்.

புதிதாக ஒன்று வாங்கிவிட்டால் போதாதா? அன்றாட வேலைக்குப் போதும். இணையம் பார்க்க இந்தப் பழைய பெட்டி உதவவே உதவாது. இன்றைய பிரவுசர்களுக்கு வேண்டிய சில கட்டளைகள் 2000இல் பென்டியம் 4 உடன்தான் வந்தன. அதற்கு முந்தைய இன்டெல் சில்லு எதிலும் அவை கிடையாது.

ஆனால் உள்ளே இருக்கும் வேலைகளை நினைத்துப் பாருங்கள். டாஸ் காலத்துக் கணக்குப் பொதி இருக்கலாம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த அழைப்பிதழும் தல புராணமும் இருக்கலாம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் எழுத்துகளைத் தன் விருப்பப்படி அடுக்கி வைத்திருந்தது. 1999இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து, டாம், டாப் என்ற பொது அடுக்குகள் வந்ததே அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். பாமினி என்ற எழுத்துருவில் அடித்த கோப்பைப் பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். சில அச்சு மென்பொருள்கள் பிரிண்டர் வாயில் ஒரு பூட்டு (உரிமத்தைச் சரிபார்க்கும் சிறு செருகி) இருந்தால்தான் ஓடும். அந்த வாயே புதிய லேப்டாப்புகளில் இல்லை. பழைய பெட்டியை உயிரோடு வைத்திருக்க இவை போதுமான காரணங்கள்.

அதனால் முதலில் எதைத் தொட வேண்டும்? ஹார்ட் டிஸ்க்கை. அதைக் கழற்றி, ஐடிஇ-யுஎஸ்பி அடாப்டர் வழியாகப் புதிய கம்ப்யூட்டரில் மாட்டி, எல்லாவற்றையும் நகல் எடுங்கள். எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து எடுங்கள். இது முடியாமல் மதர்போர்டு பக்கமே போகாதீர்கள்.

எந்தப் புராசஸர் பொருந்தும்? புராசஸர் உட்காரும் வெள்ளை பிளாஸ்டிக் சாக்கெட்டின் மேலேயே எண் பதிந்திருக்கும். "சாக்கெட் 7" என்றிருந்தால் நல்லது. 1995க்குப் பிறகு வந்த பெரும்பாலான பென்டியம் கம்ப்யூட்டர்களில் இதுதான். அதில் 1997இல் வந்த பென்டியம் எம்எம்எக்ஸ் (166, 200, 233 மெகாஹெர்ட்ஸ்) உட்காரும். 1998இல் வந்த ஏஎம்டி கே6-2 வகையும் உட்காரும்.

உட்கார்ந்தால் ஓடிவிடுமா? இங்கேதான் ஆபத்து. பழைய பென்டியம் 100க்கு 3.3 வோல்ட் வேண்டும். எம்எம்எக்ஸின் உள்பகுதிக்கு 2.8 வோல்ட்தான். கே6-2வில் பலவற்றுக்கு 2.2 வோல்ட். ஊசிகள் ஒன்றுபோலவே இருப்பதால் சாக்கெட் எதையும் தடுக்காது. 2.2 வோல்ட் சில்லுக்கு 3.3 கொடுத்தால் கருகிவிடும். கே6-2வின் மேல்தட்டிலேயே வோல்ட் அச்சிட்டிருக்கும், வாங்கும்போதே படித்துப் பாருங்கள். உங்கள் மதர்போர்டு 3.3 வோல்ட் மட்டுமே தருவதாக இருந்தால், மின்னழுத்தத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் பென்டியம் ஓவர்டிரைவ் சில்லு கிடைக்கிறதா என்று தேட வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலும் பழைய பொருள் வாங்கி விற்கும் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள்.

வோல்ட்டை எங்கே மாற்றுவது? மதர்போர்டில் உள்ள ஜம்பர்களில் (இரண்டு ஊசிகளை இணைக்கும் குட்டி பிளாஸ்டிக் தொப்பி). எந்தத் தொப்பி எங்கே என்ற அட்டவணை பல போர்டுகளில் புராசஸருக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். வேகத்துக்கும் தனி ஜம்பர்கள் உண்டு. இதில் ஓர் அழகான வசதி இருக்கிறது. பென்டியம் 100 என்பது மதர்போர்டின் அடிப்படை வேகமான 66 மெகாஹெர்ட்ஸின் ஒன்றரை மடங்கு. எம்எம்எக்ஸ் 233 அதே ஒன்றரை மடங்கு ஜம்பரை மூன்றரை மடங்கு என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே 100லிருந்து 233க்குப் போகிறவர் வேக ஜம்பரைத் தொடவே வேண்டாம். வோல்ட்டை மட்டும் மாற்றினால் போதும்.

மாற்றும் நாளில் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அந்தக் காலத்து ஏடி பெட்டிகளில் முன்பக்கப் பொத்தான் வரைக்கும் 230 வோல்ட் நேராக வரும். பவர் சப்ளை பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பெட்டியின் இரும்பை ஒரு தரம் தொட்டுவிட்டு (உடலில் உள்ள நிலைமின்சாரம் இறங்க) வேலையைத் தொடங்குங்கள்.

சாக்கெட்டின் ஓரத்தில் ஒரு நெம்புகோல் இருக்கும். அதைச் சற்று வெளியே தள்ளி, நேராக நிற்கும்வரை தூக்குங்கள். பழைய சில்லு தளர்ந்து கையோடு வரும். புதியதன் ஒரு முனை மட்டும் சற்று வெட்டுப்பட்டிருக்கும். அது சாக்கெட்டில் ஊசித்துளை குறைந்த முனைக்கு நேரே வர வேண்டும். சரியாக வைத்தால் தன் எடையிலேயே இறங்கும். இறங்கவில்லையா? அழுத்தாதீர்கள். எடுத்து, ஏதாவது ஊசி வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

பழைய விசிறியையே மாட்டலாமா? கூடாது. பென்டியம் 100 சுமார் 10 வாட் சூடு தந்தது. எம்எம்எக்ஸ் 233 அதிகபட்சம் 17 வாட் தரும். நம் ஊர் சித்திரை வெயிலில் ஓடு போட்ட மண்டிக்குள் அது பெரிய வித்தியாசம். புதிய விசிறியோடு, சில்லுக்கும் அலுமினியத் தட்டுக்கும் நடுவே கடுகளவு வெப்பப் பசையும் வையுங்கள்.

நம் பகுதிக்கு வேறு கவலைகளும் உண்டு. உமித் தூசியும் தவிட்டுத் தூசியும் உள்ளே படிந்து, ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பிசின்போல் ஒட்டிக்கொள்ளும். மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், ஈரத்துணி வேண்டாம். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் பம்புசெட்டுகள் ஒன்றாக ஓடி வோல்டேஜ் விழும் ஊர் என்றால் ஸ்டெபிலைசர் இல்லாமல் இயக்காதீர்கள். மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது செத்திருந்தால் தேதி பின்னுக்குப் போய், சிட்டையில் எல்லா வரவும் தப்பான நாளில் விழும்.

வேகம் இரண்டு மடங்குக்கு மேல் கூடுமா? கூடாது. நினைவகமும் ஹார்ட் டிஸ்க்கும் பழையவைதானே. கணக்குப் போடும் வேகம் தெரியும், கோப்பு திறக்கும் வேகம் அவ்வளவாகத் தெரியாது. 16 எம்பி ராம் இருந்தால் அதை 64 ஆக்குங்கள், பலன் உடனே தெரியும். ஆனால் இன்டெல் 430 விஎக்ஸ், டிஎக்ஸ் வகை போர்டுகளில் 64ஐத் தாண்டாதீர்கள். அதற்கு மேலுள்ள நினைவகத்துக்கு அவற்றில் கேஷ் (அடிக்கடி வேண்டியதைக் கையருகே வைக்கும் வேக நினைவகம்) உதவி கிடைக்காது. விண்டோஸ் முன்னைவிட மெதுவாகிவிடும்.

கடைசிச் சந்தேகம், எனக்கு முக்கியமானதும் இதுதான்: இன்னும் வேகமான கே6-2 400 போட்டால் என்ன? அதில் டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழியில் எழுதிய பல டாஸ் நிரல்கள் தொடங்கும்போதே "ரன்டைம் எரர் 200" என்று நின்றுவிடும். தாமதத்தை அளக்க அவை வைத்திருந்த கணக்கு அந்த வேகத்தில் கைமீறிப் போவதே காரணம். விண்டோஸ் 95ம் 350 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கே6-2வில் தொடக்கத்திலேயே தடுமாறும். இரண்டுக்கும் திருத்தங்கள் உண்டு. ஆனால் எந்த நிரலுக்காக இந்தப் பெட்டியைக் காப்பாற்றுகிறோமோ, அதையே ஏன் சிக்கலில் மாட்ட வேண்டும்? மண்டிக் கணக்குக்கும் அச்சகத்துக்கும் எம்எம்எக்ஸ் போதும். நான் அதைத்தான் போடச் சொல்வேன்.

வேலை முடிந்ததும் பழைய சில்லை எறிந்துவிடாதீர்கள். ஒரு பஞ்சில் ஊசிகளைக் குத்தி டப்பாவில் வையுங்கள். ஜம்பர்கள் முன்பு எப்படி இருந்தன, இப்போது எப்படி இருக்கின்றன என்று ஒரு தாளில் வரைந்து பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்து அதைத் திறப்பவர் உங்கள் பிள்ளையாக இருக்கலாம்.