கூடத்துக்குத் திரும்பும் பாட்டுப்பெட்டி

1958-இல் ஸ்டீரியோ எல்.பி. இசைத்தட்டுகள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. அவற்றைக் கேட்பதற்காகப் பல குடும்பங்கள் வாங்கிப்போட்டது சோபாவுக்குச் சமமான ஒரு மரச்சாமானை. ஐந்தடி, ஆறடி நீளத்துக்கு வால்நட் மரப்பெட்டி. மூடியைத் தூக்கினால் ஒருபக்கம் ரெக்கார்ட் பிளேயர், மறுபக்கம் ரேடியோ. இரு முனைகளிலும் துணித்திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்கள். நம்மூரில் வசதியான வீடுகளில் இருந்த ரேடியோகிராமுக்கு அண்ணன் என்று சொல்லலாம். மேக்னவாக்ஸ், ஜெனித், ஆர்.சி.ஏ. எல்லாம் போட்டி போட்டுக்கொண்டு செய்தன. கனடாவின் கிளேர்டோன் 1964-இல் கொண்டுவந்த 'ப்ராஜெக்ட் ஜி'யில் ரோஸ்வுட் பெட்டியின் இருபுறமும் கறுப்பு உருண்டைகளாக ஸ்பீக்கர்கள் நின்றன. 'தி கிராஜுவேட்' படத்தில்கூட அது தலைகாட்டியது.

அழகு இருந்தது, குறையும் இருந்தது. ஒரே பெட்டிக்குள் ஸ்பீக்கர்கள் அடைபட்டதால் இடவல ஒலி விரிந்து கேட்காது. சத்தத்தைக் கூட்டினால் அதிர்வு முள்ளுக்கும் ஏறும். பல செட்டுகளில் முள் ஐந்து கிராம்வரை அழுத்தித் தட்டைத் தேய்த்தது. இன்றைய நல்ல கார்ட்ரிட்ஜுக்கு இரண்டு கிராம் போதும். 1970-களில் ஜப்பானிய ஆம்ப்ளிஃபயரும் தனி ஸ்பீக்கர்களும் வந்ததும் பெட்டிக்கு மவுசு போனது. 1979-இல் வாக்மேன், 2001-இல் ஐபாட். பாட்டு கூடத்தைவிட்டு அவரவர் காதுக்குள் குடிபோனது. பெட்டி கார் நிறுத்தும் கொட்டகைக்குப் போனது. சிலர் உள்ளே இருந்ததைப் பிடுங்கிவிட்டு மதுப்புட்டி அடுக்கினார்கள்.

இன்று காற்று திரும்பியிருக்கிறது. 2022-இல் அமெரிக்காவில் இசைத்தட்டுகள் 4.1 கோடியும் சி.டி.க்கள் 3.3 கோடியும் விற்றன. எண்ணிக்கையில் தட்டு முந்தியது 1987-க்குப் பிறகு அதுவே முதல்முறை. தட்டோடு பெட்டியும் எழுந்தது. சான் டியேகோவின் ரென்சில்வா நிறுவனம் இணைய இசையையும் பாடும் புதுப் பெட்டிகளைச் செய்கிறது, விலை பணக்காரர்களுக்கானது.

மற்றவர்களுக்குப் பழையதே கதி, அதுவே நல்ல கதியும்கூட. காய்ந்த கண்டன்சர்களை மாற்ற வேண்டும். தட்டைச் சுழற்றும் இறுகிப்போன ரப்பர் சக்கரத்தைச் சரிசெய்ய வேண்டும். கல்லாகிவிட்ட கிரீஸை வழித்துப் புதிது தடவ வேண்டும். பல செட்டுகளின் பின்புறம் டேப் ரெக்கார்டருக்கென்று வைத்த ஜாக் ஒன்று உண்டு. ஒரு சின்ன புளூடூத் ரிசீவரை அதில் செருகினால், போனில் ஓடும் பாட்டு வால்வுகள் வழியாக மரப்பெட்டியில் ஒலிக்கும். ஓர் ஓட்டைகூடப் போடத் தேவையில்லை; வேண்டாமென்றால் ஒயரை உருவிவிடலாம்.

ஒலித் துல்லியம்தான் வேண்டுமென்றால் தனித்தனிக் கருவிகளே மேல். வீட்டில் எல்லோரும் ஒரே பாட்டை, ஒரே இடத்தில், ஹெட்போன் இல்லாமல் கேட்கவேண்டுமென்றால் இந்தப் பெட்டி போதும்.

உங்கள் வீட்டு மூலையிலும் பழைய ரேடியோகிராம் கிடந்தால், ஆசையில் உடனே பிளக்கில் மாட்டிவிடாதீர்கள். வால்வு செட்டுக்குள் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும். கெட்ட கண்டன்சர் டிரான்ஸ்ஃபார்மரையே எரித்துவிடும். விஷயம் தெரிந்த ரேடியோ மெக்கானிக்கிடம் முதலில் காட்டுங்கள். உள்ளிருப்பதைப் பிடுங்கி அலமாரியாக்க மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.