அடுத்த படகு எப்போது?

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் நாம் குடும்ப சகிதமாகப் பழவேற்காட்டுக்குப் போயிருந்தோம். பூநாரைகளைப் பார்க்கப் போகிறோம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டோம். உண்மையான காரணம் வேறு. நம்முடைய அத்தை பங்குனியில் ஆகாய விமானம் ஏறி அமெரிக்காவுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே அவளுடைய பெண்ணுக்குத் தலைப்பிரசவம். அத்தைக்கு வயது 64; விமானப் பிரயாணம் இதுவே முதல் தடவை; இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிப்பாள், பேச வராது. டிக்கெட் வாங்குகிற விஷயத்தில் வீட்டில் மூன்று நாளாகத் தர்க்கம் முற்றி, அத்தையும் அவளுடைய பிள்ளையாண்டானும் முகம் கொடுத்துப் பேசாத நிலைமை வந்துவிட்டது. உப்புக் காற்றுப் பட்டால் மனம் தெளியும் என்று எல்லோரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பொன்னேரி மார்க்கமாகப் புறப்பட்டோம்.

தர்க்கத்தின் விவரம் வருமாறு: சென்னையிலிருந்து கிளம்பி, பாரசீக வளைகுடாவிலுள்ள ஒரு நகரத்தில் இறங்கி, அங்கே வேறு விமானம் மாறி அமெரிக்கா சேர வேண்டும். பிள்ளையாண்டான் கண்டுபிடித்த மலிவான டிக்கெட்டில் விமானம் மாறுவதற்குள்ள அவகாசம் 85 நிமிஷம். இன்னொன்றில் அவகாசம் 4 மணி நேரம். விலை 14,000 ரூபாய் அதிகம். "85 நிமிஷம் தாராளம், உலகமெல்லாம் அதில் பாதி நேரத்தில் மாறுகிறார்கள்" என்பது பிள்ளையின் கட்சி. "எனக்குப் பயமாயிருக்கிறது" என்பது அத்தையின் கட்சி. பயத்துக்குக் காரணம் சொல்லத் தெரியாததால் அவள் தோற்றுக்கொண்டிருந்தாள்.

பழவேற்காடு ஏரியை நேயர்கள் அறிவார்கள். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்தபடி பெரியது இது. பெரும் பகுதி ஆந்திர தேசத்தில் கிடக்கிறது. தென்கோடி நம்முடைய திருவள்ளூர் ஜில்லாவில் இருக்கிறது. ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது. தெற்கே ஏரியும் கடலும் கலக்கும் சிறு வாயில்தான் முகத்துவாரம். கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம் முதலிய பல ஊர்களின் பிழைப்பு இந்த வாயிலை நம்பியிருக்கிறது. மழைக்காலத்தில் ஆரணியாற்று வெள்ளம் அதை அகலத் திறந்துவிடும். கோடையில் கடல் கொண்டுவந்து கொட்டும் மணல் அதைத் தூர்த்துக்கொண்டே வரும்.

இந்த ஏரியில் 2011-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி உல்லாசமாய்ப் போன படகொன்று கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். ஆகையால் படகேறும் எண்ணமே நமக்கு இல்லை. கரையில் வலையின் கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் அருகில் போய் உட்கார்ந்தோம். முகத்துவாரத்துக்கு வெளியே, கடலில், இரண்டு படகுகள் உள்ளே வராமல் நின்று ஆடிக்கொண்டிருந்தன.

"ஏன் பெரியவரே, அவர்கள் வரவில்லை? வழிதான் திறந்திருக்கிறதே!" என்று பிள்ளையாண்டான் கேட்டான்.

"வழி இருக்குது தம்பி, வேளை இல்லை. பெரிய அலைகள் கூட்டமாய் வரும். அது ஓய்ந்தால் கொஞ்ச நேரம் கடல் சும்மா இருக்கும். அந்தச் சந்திலே என்ஜினை முடுக்கி உள்ளே வந்துவிடணும். நடுவிலே மணல் தட்டிப் படகு குறுக்கே திரும்பினால், அடுத்த அலை கவிழ்த்துவிடும்" என்றார் பெரியவர்.

"அந்தச் சந்து போதும் போதாது என்று எப்படிக் கணக்குப் பண்ணுவீர்கள்?"

பெரியவர் சிரித்தார். "வந்தவங்க எல்லாரும் அதைத்தான் கேட்கிறாங்க. விடியற்காலை, தண்ணீர் ஏறுகிற வேளை, பக்கத்திலே துணைப் படகு இருக்குது என்றால் சின்னச் சந்திலேகூட வந்துவிடுவேன். சாயங்காலம், தண்ணீர் இறங்குகிற வேளை, தனிப் படகு, கூடவே புதுப் பையன் ஒருத்தன் என்றால் வரமாட்டேன். நங்கூரம் போட்டு வெளியிலேயே கிடப்பேன். சந்து அதேதான் தம்பி. தப்பினால் எங்கே நிற்கிறது, கூட யார் நிற்கிறது, அடுத்த வேளை எப்போது? அதுதான் வேறே வேறே."

அத்தை சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எனக்குச் சொல்லத் தெரியாமல் தவித்தது இதுதான்!" என்றாள்.

பெரியவர் சொன்னது அந்த வட்டாரத்துக்கே பழகிப்போன நியாயம். இங்கே 'பாடு' என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ஏரியில் மீன் நன்றாய் அகப்படும் இடங்களில் இன்ன நாள் இன்ன கூட்டத்தார் வலை போடுவது என்று முறை வைத்துக்கொண்டு தொழில் செய்கிறார்கள். முறையோடு வாழ்கிறவனுக்குத் தன் முறை மறுபடி எப்போது வரும் என்பது மனப்பாடம்.

பிறகு டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். வாயிலில் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். 1613-ல் டச்சுக்காரர் இங்கே கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை ஸ்தலம் இதுவே. இங்கிருந்து துணிகள் கப்பலேறிக் கீழ்த்திசைத் தீவுகளுக்குப் போயின. அவையெல்லாம் பாய்மரக் கப்பல்கள். ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்றும் புயலும் சீறும்போது, ஒதுங்க இடமில்லாத இந்தத் திறந்த கரையில் கப்பலை நிறுத்துவது பேராபத்து. காற்றின் பருவத்தைத் தவறவிட்டவன் மறுநாளைக்கா காத்திருந்தான்? மாதக்கணக்கில் காத்திருந்தான்!

அங்கிருந்து வடக்கே கைகாட்டி, ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்த ஒரு சம்பவத்தைப் பிள்ளையாண்டானுக்கு ஞாபகப்படுத்தினோம். 2019-ம் வருஷம் ஜூலை 15-ந் தேதி அதிகாலையில் சந்திரயான்-2 கிளம்ப வேண்டியிருந்தது. தேசம் முழுவதும் கண் விழித்துக் காத்திருந்தது. 56 நிமிஷமும் சில விநாடிகளும் மிச்சமிருக்கையில், ராக்கெட்டில் ஒரு பழுது கண்டு, நம் விஞ்ஞானிகள் ஏற்பாட்டையே நிறுத்திவிட்டார்கள். பழுதைச் சரிசெய்து, ஜூலை 22-ந் தேதி ஏவினார்கள். ஆகஸ்டு 20-ந் தேதி அது சந்திரனைச் சுற்றும் பாதையை அடைந்தது. இறங்கு கலம் பின்னால் நிலவில் விழுந்து நொறுங்கியது வேறு கதை. சுற்று கலம் தன் வேலையைச் செய்தது. அன்றைக்கு நிறுத்தியவர்களை யாரேனும் பயந்தாங்கொள்ளிகள் என்று சொல்வோமா? தப்பினால் ராக்கெட்டே போய்விடும்; நிறுத்தினால் ஒரு வாரம்தான் போகும். அந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மர நிழலில் உட்கார்ந்து, அத்தையின் 85 நிமிஷத்தைச் செலவுக் கணக்கு எழுதுவதுபோல் எழுதிப் பார்த்தோம்.

விமானம் கிளம்பும் நேரம் என்று டிக்கெட்டில் போட்டிருப்பது கதவு மூடும் நேரம் அல்ல. சுமார் 20 நிமிஷத்துக்கு முன்பே ஏறுவாயிலை அடைத்துவிடுவது பல கம்பெனிகளின் வழக்கம். ஆகவே 85 என்பது உடனே 65 ஆயிற்று. அத்தைக்கு முழங்கால் வலி. சக்கர நாற்காலி கேட்டிருக்கிறோம். நாற்காலிக்காரர்களை மற்றவர்கள் இறங்கிய பிறகு கடைசியில்தான் இறக்குவார்கள். அதற்கு 25 நிமிஷம் என்று வைத்தால் மிச்சம் 40. மறுபடியும் கைப்பையைச் சோதனை போட்டு, ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொரு கட்டிடத்துக்குப் போக 20 நிமிஷம். ஆக, சென்னை விமானம் 20 நிமிஷத்துக்குமேல் தாமதமாகாமல் இருந்தால் அத்தை பிழைத்தாள்.

"ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச அவகாசம் என்று விதி இருக்கிறதே? பிராங்க்பர்ட்டில் 45 நிமிஷம். வியன்னாவில் 25 நிமிஷமே போதும் என்கிறார்களே?" என்றான் பிள்ளை. வாஸ்தவம். அந்த அளவுக்குக் குறைந்தால் ஒரே டிக்கெட்டாக விற்க மாட்டார்கள். ஆனால் அது மாறுவது சாத்தியம் என்பதற்கு அளவேயன்றி நிச்சயம் என்பதற்கு அல்ல. முதல் விமானம் வேளையோடு வந்து சேரும் என்றோ, இறங்குகிறவர் வழி தெரிந்து விரைவாக நடப்பவர் என்றோ அந்த விதி நமக்கு ஜாமீன் கொடுக்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாட்கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4-ந் தேதி மிக்ஜாம் புயலிலும் மூடினார்கள். அப்பேர்ப்பட்ட நாளில் 85 நிமிஷமும் ஒன்றுதான், 4 மணியும் ஒன்றுதான். அரை மணி, ஒரு மணி என்று அடிக்கடி நேரும் சிறு தாமதங்களுக்காகத்தான் அவகாசம் வேண்டும்.

அப்புறம் பெரியவரின் கேள்விகளைக் கேட்டோம். அடுத்த படகு எப்போது? அந்த வளைகுடா நகரத்திலிருந்து அமெரிக்க ஊருக்கு நாளொன்றுக்கு ஒரே விமானம். தப்பினால் மறுநாள். எங்கே நிற்பது? பாஷை தெரியாத ஊரில், இரவு முழுவதும் நாற்காலியில். கூட யார் நிற்பது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் பிள்ளையாண்டான் கைபேசியில் டிக்கெட்டின் நிபந்தனைகளைக் கடைசிவரை படித்தான். படிக்கப் படிக்க அவன் முகம் மாறிற்று.

அது ஒரு டிக்கெட்டே அல்ல; இரண்டு கம்பெனிகளின் இரண்டு தனி டிக்கெட்டுகளைச் சேர்த்துக் கட்டிய மூட்டை! பொடி எழுத்தில் அந்தச் சங்கதியைச் சொல்லியிருந்தார்கள். அதாவது, அத்தை அங்கே அந்த நாட்டு அதிகாரிகளிடம் பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே நுழைய வேண்டும். அதற்கு விசா வேண்டும். பிரசவ லேகியமும் சாம்பார்ப் பொடியும் அடங்கிய பெட்டிகளைத் தானே எடுத்து, இரண்டாவது கம்பெனியிடம் புதிதாக ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டு விமானங்களுக்குப் பெட்டி வாங்குவதைப் புறப்படுவதற்குச் சுமார் 60 நிமிஷம் முன்பே பெரும்பாலும் நிறுத்திவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது 25 நிமிஷம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அத்தை அதன் கணக்கில் 'வராத பிரயாணி'. டிக்கெட் பணம் போனது போனதுதான்.

மூன்று நாளாக 85 என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு இது கண்ணில் படவில்லை. "தப்பினால்?" என்று கேட்ட பிறகே பட்டது.

குறைந்த அவகாசம் எப்போதும் தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. டில்லியிலிருந்து சென்னைக்கு நாளெல்லாம் விமானங்கள் உண்டு; கையில் ஒரே பையோடு, ஒரே டிக்கெட்டில் போகிற வாலிபன் ஒரு மணி அவகாசத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. தப்பினால், இடமிருக்கும் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது பெரும்பாலும் கம்பெனியின் பொறுப்பு. 1999-ல் மாண்ட்ரியாலில் ஏற்பட்டு 2009-ல் இந்தியாவும் சேர்ந்துகொண்ட சர்வதேச உடன்படிக்கையின்படி, தாமதத்தால் நேரும் நஷ்டத்துக்கு, தன்னால் ஆனதையெல்லாம் செய்ததாகக் கம்பெனி நிரூபித்தாலன்றி, அது பதில் சொல்ல வேண்டும். ஆனால் கல்யாணத்துக்கு முகூர்த்தம் மறுநாள் காலை என்றால், அதே வாலிபனுக்கு அதே ஒரு மணி போதாது. அமெரிக்காவில் இறங்கி உள்நாட்டு விமானம் மாறுகிறவர்களோ, முதலில் இறங்கும் ஊரிலேயே பாஸ்போர்ட் சோதனையை முடித்து, பொதுவாகப் பெட்டிகளையும் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். அவர்களுக்கு இரண்டு மணியும் நெருக்கடிதான்.

அத்தைக்கு 4 மணி அவகாசமுள்ள ஒரே டிக்கெட்டை அன்று மாலையே வாங்கினோம். பெட்டிகள் நேரே கடைசி ஊருக்குப் போய்ச் சேரும் என்பதையும், சக்கர நாற்காலி இரண்டு விமானத்துக்கும் பதிவாகியிருக்கிறது என்பதையும் கேட்டு உறுதி செய்துகொண்டோம்.

பங்குனியில் அத்தை புறப்பட்டாள். சென்னை விமானம் குறித்த வேளைக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது! பிள்ளையாண்டான் விடுவானா? "பார்த்தாயா அம்மா, 14,000 ரூபாய் தண்டம்" என்று தொலைபேசியில் சொன்னான்.

"அன்றைக்கு அந்த இரண்டு படகும் வெளியிலேயே நின்றதே, அப்புறம் கடல் அமைதியாகத்தானே இருந்தது? அதற்காக அவர்கள் நின்றது தப்பாகுமா, அப்பா?" என்றாள் அத்தை. "நான் இங்கே சௌக்கியமாய் உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீர் குடித்தேன். ஒரு பெண் வந்து, 'பாட்டி, உங்கள் விமானத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது' என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் போனாள். இந்த நிம்மதிக்கு நீ என்ன விலை போடுவாய்?"

பேத்தி பிறந்த செய்தி பன்னிரண்டாம் நாள் வந்தது. பிரசவ அறையின் வாசலில் அத்தை இருந்தாள்.