தூக்கணாங்குருவியின் முடிச்சும் ஒராங்குட்டானின் படுக்கையும்

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து ஏரிக்கரைப் பனைகளில் மழைக்காலம் வந்தால் தூக்கணாங்குருவிக் கூடுகள் ஆடத் தொடங்கும். திண்டிவனம் வட்டார விளைநிலங்களில் இவை எங்கே கூடு கட்டுகின்றன என்று 2021இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே வெளிவந்தது. இந்தக் கூட்டைப் பார்த்து வியக்கிறவர்கள் உடனே ஒரு தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள்: குருவிக்கு இது பிறவிப் பழக்கம், யோசனை கிடையாது, யோசிக்கத் தெரிந்த மனிதக் குரங்குக்கோ கூடு கட்டத் தெரியாது. இரண்டுமே தவறு. மனிதக் குரங்குகளும் கூடு கட்டுகின்றன. பிறவியறிவு ஒரு பக்கம், கற்றறிவு மறுபக்கம் என்று கோடு கிழித்தால், அது குருவிக்கும் பொருந்தாது, குரங்குக்கும் பொருந்தாது.

முதலில் குருவி. 25 கிராம் சொச்சம் எடையுள்ள ஆண்தான் நெசவாளி. நெல் தாளிலோ கரும்புத் தோகையிலோ பனையோலையிலோ ஓரத்தைக் கொத்தி, முனையை அலகில் கவ்வியபடி பறந்தே நீளக் கீற்றாகக் கிழித்தெடுக்கும். ஒரு கீற்று 20 முதல் 60 செ.மீ. வரை இருக்கும். அதை ஓலை நுனியில் சுற்றி, முனையை உள்ளே செருகி, மறுபக்கம் இழுத்து இறுக்கும். ஒரு கூட்டை முடிக்க ஏறத்தாழ 18 நாள் ஆகும். 500 நடை வரை பறக்க வேண்டியிருக்கும். பாதி வேலையில், தலைக்கவசம் போன்ற உருவம் வந்ததும், ஆண் அங்கேயே தொங்கிச் சிறகடித்துப் பெண்களை அழைக்கும். பெண் வந்து சோதித்து ஏற்றுக்கொண்டால்தான் முட்டையறையும் நீண்ட நுழைவுக் குழாயும் முழுமை பெறும். அது முடிந்ததும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி இன்னொரு பெண்ணைத் தேடும். மும்பைக்கு அருகே கிகிமில் 1930இல் பறவையியலாளர் சாலிம் அலி கவனித்து எழுதியது இதைத்தான்.

மனிதக் குரங்கின் கூடு ஒரு படுக்கைதான். ஒராங்குட்டானும் சிம்பன்சியும் பெரும்பாலும் மரத்திலும், கொரில்லா பெரும்பாலும் தரையிலும், மாலைதோறும் சில நிமிடங்களில் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொள்கின்றன. கரடுமுரடாகத் தெரிந்தாலும் அதில் கணக்கு உண்டு. சுமாத்திரா ஒராங்குட்டான்கள் பற்றி 2012இல் வந்த ஆய்வின்படி, அடித்தளத்துக்குத் தடித்த கிளைகளை அவை முழுதாக ஒடிப்பதில்லை. பச்சை வேப்பங்குச்சியை ஒடித்தால் நார் விடாமல் தொங்குமே, அப்படி அரைகுறையாக முறித்துப் பின்னுகின்றன. மெத்தைக்கான மெல்லிய கிளைகளை மட்டும் முழுதாக ஒடிக்கின்றன. இதைக் குட்டி தாயிடம் பார்த்து, பல ஆண்டுகள் பழகித்தான் தேறுகிறது.

அப்படியானால் கற்பது குரங்கு மட்டும்தானே என்று கேட்கலாம். ஆப்பிரிக்க நெசவுக் குருவிகளை வைத்து நிக்கோலஸ் கோலியாஸும் எல்சி கோலியாஸும் செய்த சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. இளம் ஆண்களுக்கு நெய்யும் பொருள் எதுவும் தராமல் வளர்த்துப் பிறகு கீற்றுகளைக் கொடுத்தபோது, அவை முதலில் ஒன்றைக்கூட ஒழுங்காக நெய்யவில்லை. ஆசை பிறவியிலேயே இருந்தது, கைத்திறன் பழக்கத்தில்தான் வர வேண்டியிருந்தது. எல்லாக் கூடுகளும் ஒரே வடிவில் இருப்பது ஏன் என்ற கேள்வியும் நியாயமானதே. வடிவம் ஒன்றாக இருப்பதால் பயிற்சி இல்லை என்று ஆகிவிடாது. திட்டம் பிறவியில் வருகிறது, அதை நிறைவேற்றும் நேர்த்தி கூடுதோறும் தேறுகிறது.

மறுபக்கத்துக் கேள்வியும் உண்டு: அவ்வளவு மூளையுள்ள ஒராங்குட்டான் ஏன் குருவியைப் போல முடிச்சுப் போடுவதில்லை? போடும். பாரிஸ் விலங்குக்காட்சிச் சாலையில் வாழ்ந்த வத்தனா என்ற பெண் ஒராங்குட்டான் கையும் காலும் வாயும் சேர்த்துக் கயிற்றில் முடிச்சுப் போட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காட்டில் அதற்குத் தேவை எழுவதில்லை. பழம் தேடி மரம் மாறும் அந்தப் பெரிய உடலை அதன் படுக்கை ஓர் இரவு தாங்கினால் போதும். அதற்கு முறிந்த கிளையின் நாரே பிடிமானம். தூக்கணாங்குருவியின் கூடோ மெல்லிய ஓலை நுனியில் தொங்கியபடி, முட்டையையும் குஞ்சையும் காற்றிலும் மழையிலும் வாரக்கணக்கில் காக்க வேண்டும். முடிச்சு இல்லாமல் அது நிற்காது.