தோட்டம் உங்களுடையது, அடியில் இருப்பது?

ஏற்காடு பக்கம் செம்மநத்தத்தில் காப்பியும் மிளகும் போட்டிருக்கும் நண்பர் ஒருவர் டீக்கடை பெஞ்சில் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த அவருடைய மருமகன் சொன்ன செய்தி அது. "டெக்சாஸ்ல நிலத்தைக் கையில வச்சுக்கிட்டே, அடியில இருக்கிற எண்ணெயையும் கேஸையும் மட்டும் தனியா வித்துடுறாங்களாம். நம்ம தோட்டத்துக்கு அடியில இருக்கிறதை நாம அப்படி விக்க முடியுமாண்ணே?" இதற்கு ஒரு டீ போதாது. இன்னொன்று சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தோம்.

மருமகன் சொன்னது உண்மைதான். டெக்சாஸில் ஒரே நிலத்தின் மேல்பரப்பு ஒருவருக்கும், அடியில் உள்ள கனிமம் இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். இரண்டையும் தனித்தனிப் பத்திரத்தில் விற்கலாம். கனிம உரிமை வைத்திருப்பவர் அதை எண்ணெய் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டு, கையெழுத்துப் போடும்போது ஒரு தொகையும், பிறகு எடுக்கிற எண்ணெயில் ஒரு பங்கும் வாங்குவார். பழைய குத்தகைகளில் எட்டில் ஒரு பங்கு வழக்கம். இப்போது நாலில் ஒன்று வரை கேட்கிறார்கள். மொத்தமாக ஒரு விலை பேசிக் கைகழுவுகிறவர்களும் உண்டு. மருமகன் சொல்லாமல் விட்ட பாதியும் இருக்கிறது. அங்கே கனிம உரிமைக்கு மேல்நிலம் கட்டுப்பட்டது. தாத்தா கனிமத்தை விற்றுவிட்டுப் போயிருந்தால், எண்ணெய்க் கிணறு தோண்ட வருகிறவரைப் பேரன் வாசலில் நின்று தடுக்க முடியாது. வேலைக்குத் தேவையான அளவு நிலத்தை அவர் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நம் மலைக்கு வருவோம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் எண்ணெய் கிடையாது, கிடைக்கவும் வழியில்லை. இது சார்னோக்கைட் என்னும் மிகப் பழைய பாறை. ஆழத்தில் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவானது. எண்ணெய் தங்குவது படிவுப் பாறைகளில். அதற்குக் காவிரிப் படுகைக்குப் போக வேண்டும், நரிமணம், குத்தாலம் பக்கம். இங்கே இருப்பது வேறு. மலைத்தலைகளில் பாக்சைட், அடிவாரத்தில் சேலத்தார் வெள்ளைக்கல் என்று சொல்லும் மேக்னசைட். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்தான் மேட்டூரில் மால்கோ ஆலைக்கு லாரி லாரியாகப் போய் அலுமினியமானது. 2008-ஐ ஒட்டி அந்த வெட்டு நின்றது. ஆகவே நண்பரின் கேள்வியில் எண்ணெய் என்று இருக்கும் இடத்தில் பாக்சைட் என்று போட்டால், அது செம்மநத்தத்துக்கு மிகவும் பொருந்துகிற கேள்வி.

நிலத்தடியில் இருப்பதெல்லாம் அரசாங்கத்துக்கே சொந்தம் என்று நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். சட்டம் அவ்வளவு எளிதாகச் சொல்லவில்லை. கேரளத்தில் மலபார் ஜன்ம நிலங்களைப் பற்றிய திரேசியாம்மா ஜேக்கப் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: எல்லாக் கனிமமும் அரசுக்குச் சொந்தம் என்று அறிவிக்கும் சட்டம் எதுவும் இல்லை, முறையான வழியில் பறிக்கப்படாதவரை, நிலம் யாருடையதோ அடியில் உள்ளதும் அவருடையதே. அந்த வழக்கில் நம் பழைய மதராஸ் ராஜதானியின் வருவாய் வாரிய நிலையாணைகளும் அலசப்பட்டன. எந்தெந்த நிலத்துக் கனிமத்தில் அரசு உரிமை கொண்டாடாது என்று அவற்றில் ஒரு பட்டியலே உண்டு. ஜமீன் சன்னது நிலம், விடுவிக்கப்பட்ட இனாம் நிலம் ஆகியவற்றோடு, பழைய தரிசு நில விதிகளின்கீழ் கனிமத்தை ஒதுக்கி வைக்காமல் கொடுத்த பத்திர நிலமும் அதில் வருகிறது. மலைத்தோட்டக்காரர்கள் தங்கள் மூலப் பத்திரத்தைத் தூசி தட்டிப் படிக்க இது ஒன்றே போதுமான காரணம். சாதாரண ரயத்துவாரிப் பட்டா நிலத்தில், வெட்டி எடுத்த கனிமத்தில் பங்கு கேட்கும் உரிமையை அரசு வைத்துக்கொண்டது.

நம் கிரயப் பத்திரங்களில் நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று அஷ்டபோக பாத்தியங்களையும் சேர்த்து எழுதித் தருவார்கள். அதைக் காட்டி, "கல்லும் கனிமமும் எனக்கு எழுதிக் கொடுத்தாச்சு" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விற்றவருக்கு என்ன உரிமை இருந்ததோ அதுதான் வாங்கியவருக்கு வரும். அவருக்கே நிபந்தனைப் பட்டாவில் வந்த நிலம் என்றால், பத்திரம் எழுதுபவர் எத்தனை போகத்தைச் சேர்த்தாலும் கூடுதலாக எதுவும் வராது.

சரி, கனிமம் உங்களுடையதே என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்க முடியாது. 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டப்படி குத்தகை உரிமம் இல்லாமல் யாரும் வெட்டக் கூடாது, நிலத்துக்காரர் உட்பட. பாக்சைட் போன்ற பெருங்கனிமத்துக்கு அரசு குத்தகை தருவது 2015 முதல் ஏலத்தில். கட்டடக் கல், கிராவல் போன்ற சிறுகனிமத்தில் வழி கொஞ்சம் திறந்திருக்கிறது. பட்டாதாரரோ அவர் சம்மதம் பெற்றவரோ மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்து, எடுக்கிற கனிமத்துக்கு அரசு கேட்கும் சீனியரேஜ் கட்டணம் கட்டி எடுக்கலாம். எண்ணெய், கேஸ் என்றால் கதவு முழுக்கச் சாத்தியிருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் சட்டமும் அதன் விதிகளும் சொல்கிற உரிமம் பெற்றவர்தான் தொட முடியும், ராயல்டி அரசுக்கு. டெல்டாவில் ஓ.என்.ஜி.சி. கிணறு இறக்கிய வயல்காரர்கள் வாங்கியது மேல்நிலத்துக்கான குத்தகைப் பணம். எண்ணெயில் அவர்களுக்குப் பங்கு இல்லை.

கேஸ் நம் சேலத்துப் பக்கம் வந்தது குழாய் வடிவில். கெயில் நிறுவனத்தின் கொச்சி–பெங்களூர் குழாய் கோவையிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களின் வயல்களில் போவதாகத் திட்டம். சேலம் அதில் ஒன்று. விவசாயிகள் எதிர்த்தார்கள். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று 2013-இல் தமிழக அரசு சொன்னது. உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2016-இல் உச்ச நீதிமன்றமும் கெயில் பக்கமே நின்றது. இதற்கான 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிலம் உங்கள் பேரிலேயே இருக்கும், பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். பயிர், மரச் சேதம் தனி. உரிமைக்கு விலை, நிலத்தின் சந்தை மதிப்பில் பத்து சதவீதம். குழாய் போகும் பட்டையில் அதன்பின் வீடு கட்ட முடியாது, மரம் வைக்க முடியாது. தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்கு இது என்ன கணக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பத்து சதவீதம் அநியாயமான விலை என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் நிலத்துக்காரர் கையில் என்னதான் இருக்கிறது? சம்மதம் இருக்கிறது. நம் நாட்டில் அடியில் உள்ளதை விட, மேலே நுழைய நீங்கள் கொடுக்கும் ஒப்புதலுக்குத்தான் மதிப்பு. பாக்சைட் குத்தகை எடுத்தவர்கூட, தனியார் நிலத்தில் கால் வைக்குமுன் மேல்நில உரிமையாளரின் சம்மதம் பெற வேண்டும், இழப்பீடு தர வேண்டும். வனத்தை ஒட்டிய மலை கிராமங்களுக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் பக்கத்துணை. ஒடிசாவின் நியமகிரியில் பாக்சைட் வெட்டலாமா என்ற கேள்வியை 2013-இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடமே விட்டது. பன்னிரண்டு கிராம சபைகளும் வேண்டாம் என்றன. வேதாந்தாவின் ஆலைக்காகக் கேட்ட மலை அது. மால்கோவும் அதே குழுமத்தின் கையில் இருந்ததுதான். கனிமம் அரசுடையது என்று வைத்துக்கொண்டே, அந்த மக்கள் மலையைக் காத்தார்கள்.

மலைத்தலைப் பாக்சைட் மழைநீரைப் பிடித்து மெல்லக் கீழே விடும் தொப்பி. அதை எடுத்தால் நிலத்தின் விலை மட்டுமல்ல, கீழ்த் தோட்டத்து ஊற்றும் கணக்கில் வர வேண்டும். நண்பரிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

யாராவது காரில் வந்து, "சும்மா மண் சோதனைதான், ஒரு கையெழுத்து" என்று கேட்டால் அவசரப்படாதீர்கள். பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கவே வேண்டாம். அதை வைத்து உங்களுக்குத் தெரியாமல் மூன்றாம் ஆளுக்குக் கிரயமே முடித்துவிடலாம். சம்மதம் கொடுப்பதானால் காலவரை, ஆண்டு வாடகை, மேல்மண்ணைத் தனியே குவித்து வைப்பது, குழியை மூடித் தருவது, ஊற்றும் பாதையும் கெடாமல் இருப்பது எல்லாம் தமிழில் எழுதி, பதிவு செய்த குத்தகையாக இருக்கட்டும். வன உரிமைப் பட்டா நிலம் வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. நிபந்தனைப் பட்டா என்றால் நிபந்தனை என்னவென்று முதலில் தாலுகா அலுவலகத்தில் படித்துப் பார்க்க வேண்டும்.

நண்பருக்கு அன்று கொடுத்த வேலை மூன்று. வீட்டில் உள்ள மூலப் பத்திரத்தைத் தேடி எடுப்பது. கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் தன் சர்வே எண்ணுக்கு எதிரே எந்த வகை என்று எழுதியிருக்கிறது எனப் பார்ப்பது. அந்தச் சர்வே எண்ணில் குத்தகையோ விண்ணப்பமோ நிலுவையில் உள்ளதா என்று சேலத்தில் கனிமவள அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுவது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும்.