தேனீக்களும் காய்கறி விளைச்சலும்

தேனீக்கள் பூக்களில் மகரந்தச்சேர்க்கை நிகழ உதவும் பூச்சிகளாகும். நெல் பெரும்பாலும் தன் மகரந்தச்சேர்க்கையால் விளைவதால் அதற்குத் தேனீக்கள் தேவையில்லை. பூசணி, பாகல் போன்ற கொடிகளிலோ ஆண் பூக்களும் பெண் பூக்களும் தனித்தனியே பூக்கின்றன. மகரந்தம் பெண் பூவைச் சென்றடையாவிடில் பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும்.

இந்தியத் தேனீ மரப்பொந்துகளிலும், கொம்புத்தேனீ புதர்க் கிளைகளிலும் கூடு கட்டுகின்றன. சென்னையின் தென்புறநகர்ப் பகுதியில், தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகமும் நன்மங்கலம் காப்புக்காடும் இத்தகைய மரங்களும் புதர்களும் எஞ்சியுள்ள இடங்களாகும்.

தேனீக்களைக் காக்க வீட்டுத் தோட்டங்களில் துளசி, முருங்கை முதலியவற்றை வளர்க்கலாம். பொந்துள்ள முதிய மரங்களை வெட்டாமல் விடலாம். பூசணிப் பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும். எனவே காலையில் பூச்சிக்கொல்லி தெளித்தல் தேனீக்களையும் அவ்வழியே விளைச்சலையும் அழிக்கும்.